விஸ்வநத்தம் போய்ச் சேராத மூட்டைகள்

மூட்டையின் வாயை அவிழ்த்ததும் முதலில் முகத்தில் அடிப்பது கஞ்சி வாசனை. புதுத்துணியின் கஞ்சி, அதோடு தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய், கொஞ்சம் சாக்குத் தூசி. வெயில் ஏறிய மத்தியானங்களில் கையை முழங்கை வரை உள்ளே விட்டால், மேலே கிடக்கும் துணி வெதுவெதுப்பாகவும் அடியில் கிடக்கும் துணி குளிர்ந்தும் இருக்கும். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த அந்தக் காலத்தில், சிவகாசியில் எங்கள் வீட்டு உள்ளறையில், கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் இப்படி மூட்டைகள் நிறைந்து கிடந்தன. நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா அவற்றைக் "கழிசல்" என்பார். அம்மாவுக்கு அவை "பூத்துணி".

அத்தா கடைவீதியில் சின்னதாக ஒரு கட்பீஸ் கடை வைத்திருந்தார். அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்தாள். கடையில் விலைபோகாத முனைத்துண்டுகளும், தைத்து மிஞ்சிய வெட்டுத்துணிகளும் அம்மாவின் கைக்கு வந்து சேரும். அதில் பருத்தியை மட்டும் பொறுக்கி, உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் பிரியாமல் இருக்கச் சிவப்பு நூலால் சுற்றிலும் ஓர் ஓட்டுத் தையல் போட்டு, நிறம் பார்த்து அடுக்கி, பழைய சேலைக்கரையைக் கிழித்துக் கட்டி வைப்பாள். சொந்தத்திலோ தெருவிலோ ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது என்று தெரிந்தால் ஒரு மூட்டை அவிழும். சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்து, அடியில் துவைத்துத் துவைத்து நைந்த சேலையை மடிப்பு மடிப்பாகக் கொடுத்து, அம்மா ஓர் "ஒட்டுப்போர்வை" தைத்துக் கொடுப்பாள். அவள் கையால் போர்வை வாங்காமல் எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் குறைவு. எந்தத் துண்டு எந்த உடுப்பில் மிஞ்சியது என்று அவளுக்கு மறக்காது. மஞ்சளில் பச்சைக் கிளி போட்ட துண்டு, நான் ரொம்பச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நோன்புப் பெருநாளைக்குத் தைத்த கவுனில் மிஞ்சியது. அதை மட்டும் எந்தப் போர்வையிலும் வைக்காமல் ஏனோ தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவுக்கு விருதுநகரில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனிமேல் காலால் மிதிக்கிற மெஷினில் உட்காரவே கூடாது, கனமான எதையும் தூக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த அம்மா, மெஷின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடச் சொன்னாள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களை வேறு டெய்லரிடம் அனுப்பினாள். அத்தாவோ தீபாவளிச் சரக்கை இறக்கி வைக்க உள்ளறை வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தைக்கிற கைக்குப் போகட்டும்" என்பது மட்டும்தான் அவள் சொன்னது.

அப்படி ஒரு கையைத் தேடுவது அவ்வளவு லேசாக இல்லை. விருதுநகரில் இருக்கும் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, அடுப்பிலிருந்து சட்டி இறக்கக் கைப்பிடித்துணிக்கு ஆகும், தாருங்கள் என்றாள். அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். மெத்தை தைக்கிறவர் ஒருவர் பஞ்சோடு சேர்த்துத் திணிக்கக் கேட்டார். நிறம் பார்த்து அடுக்கியதை உள்ளே திணித்துத் தைத்துவிட்டால் யார் கண்ணில் படும் என்று அவருக்கும் கொடுக்கவில்லை. கடைசியில் அப்படி ஒரு கை செல்வியக்கா மூலம்தான் கிடைத்தது.

செல்வியக்கா விஸ்வநத்தத்தில் இருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் சிறுவெடிக்குத் திரி வைக்கிற வேலை. காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம், மழை பொய்த்துப் பொய்த்துக் கம்பெனிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாக்கெட் துணியோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மருந்துப்பொடி மினுங்கிக்கொண்டே இருக்கும். கம்பெனிக்குள் பருத்தி உடுத்தினால்தான் விடுவார்கள் என்பதால், விரலால் தடவிப் பார்த்தே எது சுத்தப் பருத்தி, எதில் கலப்பு என்று சொல்லிவிடுவாள். அம்மாவும் அவளும் டீயை ஆற்றிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆபரேஷன் முடிந்து அம்மா படுத்தே கிடந்த நாட்களில், வாரம் தவறாமல் வந்து எனக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னிவிட்டுப் போனவள் செல்வியக்காதான்.

அவள் மகள் முத்துலட்சுமிக்கு அப்போது மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகளைப் பற்றி அம்மா சொன்னதும் செல்வியக்கா ஒரு யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் தெருப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து அந்தத் தெருவில் பிறக்கிற பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கலாம்.

"நீங்க பஸ் ஏறி வந்துருங்கக்கா. உக்காந்து சொல்லுங்க, நாங்க தைக்கிறோம்" என்றாள்.

அன்றைக்கு அம்மா முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை ஆபரேஷனுக்குப் பிறகு அதுவரை நான் பார்த்ததே இல்லை. அடுத்த நாளே கட்டிலில் சாய்ந்தபடி, என்னை மூட்டைகளை அவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொரு கட்டாகப் பார்த்து, சாயம் போகிற துணியை ஒதுக்கி, மறுபடி கட்டச் சொன்னாள். முத்துலட்சுமி பிள்ளைக்கென்று ஒரு கட்டைத் தனியாக எடுத்து, அதில் மஞ்சள் கிளித்துணியை மேலே வைத்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூட்டைகளை விஸ்வநத்தத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக அத்தாவே முன்வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, வண்டியின் முன்னாலும் பின்னாலும் மூட்டைகளை வைத்துக் கயிறு போட்டு இறுக்கினார். அம்மா வாசல் வரை மெல்ல நடந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும், செல்வி என்ன சொன்னாள் என்று கேட்டாள். "சந்தோசப்பட்டா" என்றார் அத்தா. அம்மா அதை இரண்டு மூன்று தடவை எங்களிடம் திரும்பச் சொன்னாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு செல்வியக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கம்பெனியில் லோடு ஏற்ற நேரமாக இருக்கும், ஆர்டர் நெருக்கடியாக இருக்கும், முத்துலட்சுமிக்கு உடம்புக்கு என்னவோ என்று அம்மா தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நல்ல சேலையாக உடுத்தி, எந்த ஞாயிறு வரவேண்டும் என்று செல்வி சொல்லி அனுப்புவாள் என்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேலையை மாற்றிக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடக் கடையில் காகிதம் வாங்குவதில்லை. பிரஸ்களில் அச்சுப் பிசகிய தாள்கள் குவிந்து கிடக்கும், தெரிந்தவர்கள் இருந்தால் அள்ளிக்கொண்டு வரலாம். என் வகுப்புத் தோழி மகேஸ்வரியின் அப்பா திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினார். ஒரு சனிக்கிழமை அவளோடு அங்கே போனேன். மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடை. தாள்களைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, மகேஸ்வரியின் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் திறந்து கிடந்த சாக்கிலிருந்து ஒரு துணியை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீல மை துணியில் ஏற ஏற, அதன் ஓரத்தில் சிவப்பு நூல் மட்டும் கொஞ்ச நேரம் சிவப்பாகவே தெரிந்தது.

சாக்கின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சேலைக்கரை போட்டுக் கட்டிய கட்டுகள் பாதி அவிழ்ந்து கிடந்தன. மெஷின்களுக்கு அடியில், எண்ணெய் சொட்டுகிற இடங்களில், கறுத்துச் சுருண்ட துணிகள். அவற்றுக்கு நடுவே மஞ்சளும் பச்சையுமாக ஒன்று. கிளியின் தலை மட்டும் மையில் மூழ்காமல் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று மகேஸ்வரியின் அப்பாவைக் கேட்டேன். அழுக்குத் துணி எதற்கு, புதுசா ஒன்று எடுத்துக்கொள் என்று சிரித்தார்.

அத்தா மத்தியானச் சாப்பாட்டில் இருந்தபோது அந்தத் துணியை அம்மாவிடம் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்றும் சொன்னேன். அம்மா அதை விரித்து, திருப்பி, சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்தாள். அத்தா ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அவளுக என்னத்த தைக்கப் போறாளுக. எடைக்குப் போட்டிருப்பாளுக. நான் அப்பவே சொன்னேன்ல."

அன்றைக்கு அது எனக்கு நியாயமாகவே பட்டது. செல்வியக்கா பின்னிய சடைகளை நினைத்து, அவள் மேல் அப்படியொரு கோபம் வந்தது. அம்மா அந்தத் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். மை போகவில்லை. போய்க் கேட்கலாமே என்றேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது போல் ஆகிவிடும், வேண்டாம் என்றாள். ஆடி மாதத்தில் முத்துலட்சுமிக்குப் பெண் பிள்ளை பிறந்திருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். பிள்ளை பெற்ற வீடென்றால் பாலோ பழமோ வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போகிற அம்மா, அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை. தீபாவளிக்குச் செல்வியக்கா வீட்டிலிருந்து வருஷா வருஷம் வருகிற முறுக்கும் அதிரசமும் அந்த வருஷம் வரவில்லை. துணியை விற்றவளுக்கு முகத்தில் முழிக்க வெட்கம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

வருஷம் முடிகிற சமயத்தில் அத்தா ஒரு கட்டுக் காலண்டர்களோடு வந்தார். எங்கள் கடைக்கு அதுவரை காலண்டர் அடித்ததில்லை. பெரிய அட்டை, மேலே ரோஜாத்தோட்டம், கீழே கொட்டை எழுத்தில் கடை பெயர், அதற்கும் கீழே தினமும் கிழிக்கிற தாள். வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து ஒன்றை அவரே மாட்டினார். தினமும் காலையில் அம்மாதான் தாளைக் கிழிப்பாள்.

தை மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் செல்வியக்காவைப் பார்த்தேன். இடுப்பில் பேத்தி. பார்க்காததுபோல் போய்விடலாம் என்று திரும்பினேன். அவளே வந்து என் கன்னத்தைத் தொட்டாள். அம்மா எப்படி இருக்கிறாள், வயிற்று வலி தேவலையா, மெஷினில் உட்காராமல் இருக்கிறாளா என்றெல்லாம் கேட்டாள். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். பிள்ளையை இடுப்பில் ஏற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாங்க மண்டபத்தக் கழுவி விட்டு, எல்லாரையும் வரச்சொல்லி உக்காந்திருந்தோம் பாப்பா. மூட்டை வரலன்னு கடையில போயிக் கேட்டேன். சொந்தக்காரக கேட்டாக, குடுத்தாச்சுன்னு உங்க அத்தா சொன்னாக. அது அவுக துணி, அவுக இஷ்டம். ஆனா அம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

பஸ் வந்துவிட்டது. பிள்ளையை ஏந்திக்கொண்டு ஏறிவிட்டாள். அந்தப் பிள்ளையை ஒரு குற்றாலத் துண்டில் சுற்றியிருந்தாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். அத்தா துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்னத்தா, இந்நேரம் இங்கன?" என்றார். மூட்டைகளைச் செல்வியக்காவிடம் கொடுக்கவே இல்லையா என்று கேட்டேன். மடிப்பதை அவர் நிறுத்தவில்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"பிரஸ்காரர் ரோலர் தொடைக்கக் காட்டன் துணி கேட்டுக்கிட்டே இருந்தாரு. காலண்டர் அடிச்சுத் தாரேன்னாரு. கழிசல் துணிதானத்தா. அம்மாட்ட சொல்லிறாத, ஒடம்பு சரியில்லாதவ."

சொல்லிவிட்டு, மேலே அடுக்கியிருந்த புதுப் பாவாடைத் துணிகளைக் காட்டி, உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். திருத்தங்கல் ஒரு திசை, விஸ்வநத்தம் அதற்கு நேர் எதிர்த்திசை. வெள்ளிக்கிழமை வண்டியைத் தெருமுனையில் எந்தப் பக்கம் திருப்பினாரோ, அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதைவிட, ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்ன வார்த்தைதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. என்னைத் தோளில் உட்காரவைத்துப் பெருநாள் தொழுகைத் திடலுக்குத் தூக்கிப்போன அத்தா. பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று விளையாட்டாக மிரட்டிய அத்தா. பாவாடைத் துணி எதையும் எடுக்காமல் இறங்கி நடந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், செல்வியக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். அத்தா கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியதும், சத்தமே இல்லாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"செல்வி என்ன சொன்னான்னு கேட்டப்ப, சந்தோசப்பட்டான்னு சொன்னீகளே. அது எதுக்கு?"

அத்தா கழற்றிய சட்டையை மறுபடி மாட்டினார். துணிக்குப் போய் இவ்வளவு பெரிய விஷயமா என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கடைப்படி ஏறியது அன்றுதான். யாரிடமும் கேட்காமல், விற்பனைக்கு இருந்த புதுப் பருத்தித் துணிகளில் நல்லதாகப் பார்த்து எடுத்தாள். அங்கேயே பலகையில் விரித்து, கடைக் கத்தரியால் உள்ளங்கை அகலத்துக்கு வெட்ட ஆரம்பித்தாள். முழுத் துணிகள், பாவாடைக்கும் சட்டைக்கும் ஆகக்கூடியவை, சதுரம் சதுரமாக விழுந்தன. வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தா கல்லாவில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினில் உட்காரக்கூடாது என்பதால், அந்தப் போர்வை முழுவதையும் அம்மா கையாலேயே தைத்தாள். குனிந்து தைத்துத் தைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். எழுந்து மறுபடி தைப்பாள். என்னை ஊசி கோக்க மட்டும் விட்டாள்.

தைத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி விஸ்வநத்தம் போனோம். செல்வியக்கா எங்களைப் பார்த்ததும் பாயை உதறி விரித்தாள், வாசலில் நின்ற பிள்ளைகளை விரட்டினாள், பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்தாள். அம்மா போர்வையைப் பிள்ளைக்கு முன்னால் விரித்தாள். பிள்ளை அப்போது குப்புற விழுந்து, தவழ ஆரம்பித்திருந்தது. போர்வை மேல் கொஞ்ச தூரம் தவழ்ந்துவிட்டு மண் தரைக்கே போய்விட்டது. செல்வியக்கா துணியை விரலால் தடவிப் பார்த்தாள். "புதுத்துணியில தச்சிருக்கீக" என்றாள். அதில் சந்தோஷம் இருந்ததா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா எதையும் மறைக்கவில்லை. பிரஸ், காலண்டர், அத்தா சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னாள். நீதான் எடைக்குப் போட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லி, அழுதாள். அதுவரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த செல்வியக்கா, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க தரலேன்னுகூட எனக்கு அம்புட்டு வருத்தம் இல்லக்கா. நான் வித்துட்டேன்னு நெனச்சீகளே, அதான்."

காப்பி கொடுத்தாள், எனக்குச் சடையைச் சரிசெய்து பூ வைத்துவிட்டாள், பஸ் நிற்கிற இடம் வரை கூடவே வந்து, பஸ் நகர்கிற வரை நின்றாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததே இல்லை. கடைவீதியில் பார்த்தால் நின்று அம்மாவின் உடம்பை விசாரிப்பாள். அவ்வளவுதான். அம்மா அந்த வருஷத்தோடு வெட்டுத்துணி சேர்ப்பதை விட்டாள். அத்தாவோடு பேச்சு நிற்கவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், பெருநாளைக்குப் பிரியாணி ஆக்கினாள். ஆனால் வெளியே போய்வந்த அத்தாவிடம் எங்கே போனீர்கள், என்ன சொன்னார்கள் என்று அவள் ஒரு கேள்வி கேட்டு நான் பிறகு கேட்டதில்லை.

இப்போது நான் விருதுநகரில் இருக்கிறேன். பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போகிறவர்கள் கடையில் ஜிப் வைத்த பையோடு பஞ்சுப் போர்வை வாங்கிப் போகிறார்கள். சிவகாசியில் அத்தாவின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் டைல்ஸ் போட்டு வெறுமையாக இருக்கிறது, குனிந்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிறது. செல்வியக்கா மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எந்த ஊர் என்று சொல்ல விஸ்வநத்தத்தில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

போன பெருநாளைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அத்தா என் மகளை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்கு ஏனோ கேட்டுவிட்டேன். செல்வியக்காவுக்குக் கொடுக்கவேண்டிய அந்தத் துணியை அப்படிச் செய்தீர்களே அத்தா, பிறகு எப்போதாவது அதை நினைத்ததுண்டா என்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்தச் செல்வி?" என்றார்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை.